‘தி அயர்ன் ஹார்ஸ்’ (1924) திரையிடல்: எந்தப் பதிப்பு, எந்த வேகம், தண்டவாளக் காட்சிகள் எவ்வளவு நிஜம்?

திரைமுற்றம்:

வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்தின் அடுத்த திரையிடலுக்கு ஜான் ஃபோர்டின் ‘தி அயர்ன் ஹார்ஸ்’ முடிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் முதல் கண்டம் கடக்கும் ரயில் பாதையைக் கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் என்று இரண்டு கம்பெனிகள் பதித்துவந்து 1869-ல் இணைத்த கதை அது. வருபவர்களில் பாதிப் பேர் மௌனப்படமே பார்த்திராதவர்கள். சிலர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள், அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

கையில் இரண்டு காப்பிகள் இருக்கின்றன. ஒன்று சுமார் 150 நிமிடம், மற்றது 133 நிமிடம். சுருக்கியதுதான் வித்தியாசம் என்று பார்த்தால், ஒரே காட்சியில் கேமரா நிற்கும் இடமே சற்றுத் தள்ளியிருக்கிறது. நடிகரின் கை வேறு மாதிரி அசைகிறது. இது எப்படி? எதைத் திரையிடுவது நல்லது?

அடுத்தது வேகம். மௌனப்படம் என்றால் நொடிக்கு 16 ஃபிரேம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் காப்பியின் வேகத்தை நாம் குறைக்க வேண்டுமா?

மூன்றாவதாக, தண்டவாளம் பதிக்கும் காட்சிகள் அன்றைய வேலைமுறைக்கு எவ்வளவு பொருந்துகின்றன? கடைசிக் காட்சிக்கு முன் வரும் எழுத்து அட்டை, பாதைகள் இணைந்தபோது 1869-ல் நேருக்கு நேர் நின்ற அதே ‘ஜூபிடர்’, ‘119’ இன்ஜின்கள்தாம் இவை என்கிறது. அதை அறிமுக உரையில் சொல்லலாமா? உரைக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. வரலாற்றில் எதைத் தவறவிடக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

இரண்டுமே அசல்தான். ஒன்றை வெட்டி இன்னொன்றைச் செய்யவில்லை. டூப் நெகட்டிவ் எடுக்கும் பிலிம் அந்தக் காலத்தில் தரமாக இல்லை. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டிலிருந்து மறுபடி நெகட்டிவ் எடுத்தால் கறுப்பு அடைத்துக்கொள்ளும், வெளுப்பு வெந்துவிடும். ஒரே நெகட்டிவை வைத்து நூற்றுக்கணக்கில் பிரிண்ட் போட்டால் அது தேய்ந்து கிழியும். ஆகவே ஹாலிவுட் பெரிய படங்களுக்கு இரண்டு நெகட்டிவ் தயார் செய்தது. ஒன்று உள்நாட்டுக்கு, ஒன்று கப்பலில் வெளிநாட்டுக்கு. இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சுழற்றினால் கோணம் சற்று விலகும். ஒரே கேமராவில் இரண்டு முறை எடுத்து, நன்றாக வந்த டேக்கை உள்நாட்டுக்கும் அடுத்ததை வெளிநாட்டுக்கும் ஒதுக்கினால் கை அசைவே மாறும். நீங்கள் பார்த்தது இந்த இரண்டின் விளைவையும்தான்.

எது எது என்று அடையாளம் காண்பது எளிது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சனுக்குப் படத்தைச் சமர்ப்பிக்கும் அட்டை வந்தால் அது வெளிநாட்டுப் பதிப்பு. பிரிட்டிஷ் பார்வையாளர்களை மனத்தில் வைத்துச் சேர்த்தது. உங்கள் 133 நிமிடக் காப்பியில் அது இருக்கும். இரண்டு பதிப்பும் 2007-ல் ஃபாக்ஸ் வெளியிட்ட ஃபோர்டு டிவிடி தொகுப்பில் சேர்ந்தே வந்தன.

என் பரிந்துரை அமெரிக்கப் பதிப்பு. டேக் தேர்வு அதில்தான் நன்றாக இருக்கிறது. முகபாவம் உரிய இடத்தில் முடிகிறது, குதிரைகள் ஃபிரேமுக்குள் சரியாக வருகின்றன, படத்தொகுப்பு மூச்சுவிட்டு நகர்கிறது. 17 நிமிடம் கூடுதல் என்று பயப்பட வேண்டாம். நாயகன் டேவி மலைச்சரிவில் கயிற்றில் இறங்கும்போது இன்ஜினியர் ஜெஸ்ஸன் கயிற்றை அறுக்கிறானே, அதை ஒட்டி இடைவேளை விடுங்கள். டேவி பிழைத்து முகாமுக்குத் திரும்பும் முன் விளக்கைப் போட்டால், வெளியே போனவர்கள் தாமாக உள்ளே வந்துவிடுவார்கள்.

இரண்டையும் கலந்து ‘முழு’ப் பதிப்பு ஒன்றைத் தயாரிக்கும் ஆசை சிலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். கோணமும் டேக்கும் ஒட்டாமல் ஒவ்வொரு வெட்டிலும் ஆள் ஓரடி குதிப்பார்.

இருபது_ஃபிரேம்:

வேகம் பற்றி. 16 என்பது ஒரு காலத்துப் பழக்கம், சட்டம் அல்ல. கையால் சுழற்றும் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. 1920-களின் நடுவில் கேமராக்காரர்கள் அதைவிட வேகமாகத்தான் சுழற்றினார்கள். தியேட்டர்காரர்கள் அதற்கும் மேலே ஓட்டினார்கள். சண்டை, குதிரைத் துரத்தல் போன்ற இடங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி, திரையில் வேகமாகத் தெரியவைப்பதும் வழக்கம். அதனால் ஒரு படத்துக்கு ஒரே எண்ணைக் கட்டிவைக்க முடியாது.

கணக்கு இப்படி: 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீல் 16-ல் ஓடினால் 16 நிமிடம் 40 நொடி, 18-ல் 14 நிமிடம் 49 நொடி, 20-ல் 13 நிமிடம் 20 நொடி, 24-ல் 11 நிமிடம் 7 நொடி. பன்னிரண்டு ரீல் அளவுள்ள படத்தில் 18-க்கும் 24-க்கும் இடையே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட வித்தியாசம் வந்துவிடும். ஆகவே மௌனப்படத்தின் ‘நீளம்’ நிமிடத்தில் சொல்லப்பட்டால் எந்த வேகத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்கள் காப்பியில் வேகத்தை ஏற்கெனவே சரிசெய்துதான் இசையைப் பொருத்தியிருக்கிறார்கள். நீங்கள் மேலும் குறைத்தால் இசை தொய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பின்புலத்தில் சாதாரணமாக நடந்து போகிறவர், சுத்தியல் கீழே இறங்கும் வேகம், புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை. நடப்பவர் தத்தித் தத்திப் போனால் வேகம் அதிகம். புகை மிதந்துகொண்டே நின்றால் வேகம் குறைவு. துரத்தல் காட்சிகளை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள், அவை அப்படித்தான் எடுக்கப்பட்டவை.

வீடியோவில் இன்னொரு சிக்கல். 20 ஃபிரேம் படத்தை 24-ல் ஏற்ற, ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பார்கள். 18 என்றால் மூன்றுக்கு ஒன்று. நிலையான ஷாட்டில் இது தெரியாது. ரயில் திரையைக் குறுக்கே கடக்கும்போது ஒரு சின்ன உதறல் தெரியும். அதைப் போக்குவதாக நினைத்து டிவியிலோ புரொஜெக்டரிலோ ‘மோஷன் ஸ்மூத்திங்’ போட்டுவிடாதீர்கள். இல்லாத ஃபிரேம்களை அது கற்பனையில் செருகும். இன்ஜின் சக்கரத்தின் இணைப்புத் தண்டு ரப்பர் மாதிரி வளையும், சுத்தியல் நடுவானில் கரையும். அணைத்துவிட்டு அந்தச் சின்ன உதறலை ஏற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

அடுத்தது திரை அளவு. படம் 1.33 : 1. அகலத்திரையை நிரப்ப ‘ஜூம்’ போட்டால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். இந்தப் படத்தில் அது பெரிய இழப்பு, ஏனென்றால் ஜார்ஜ் ஷ்னைடர்மன் ஒளிப்பதிவில் வானத்துக்கும் தரைக்கும் இருக்கிற விகிதம்தான் பல ஷாட்களின் உயிர். மேலே தொப்பி போகும், கீழே தண்டவாளம் போகும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு 4:3-ல் போடுங்கள். முடிந்தால் அந்தக் கறுப்பை மறைக்கக் கருந்துணி தொங்கவிடுங்கள். டிஜிட்டல் புரொஜெக்டரின் ‘கறுப்பு’ உண்மையில் சாம்பல்தான், இருண்ட அறையில் கண்ணை இழுக்கும்.

வானம் வெள்ளையாக வெளுத்திருக்கிறதே, காப்பியில் கோளாறா என்று யாராவது கேட்கக்கூடும். அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் நீலத்தை மிகையாகவும், சிவப்பைக் கறுப்பாகவும் பதிவுசெய்யும். தெளிந்த நீலவானம் வெறும் வெள்ளையாகும், வெயிலில் சிவந்த முகம் கருத்துவிடும். பிரைட்னஸைக் குறைத்து வானத்தைக் கொண்டுவர முயன்றால் முகங்கள் இன்னும் இருண்டுபோகும்.

கேங்மேட்:

தண்டவாளப் பகுதிக்கு வருகிறேன். உங்கள் ரயில்வே நண்பர்களுக்கு இதுதான் படத்தின் சிறப்பான பகுதியாக இருக்கும்.

1860-களில் யூனியன் பசிபிக் பக்கம் ஜாக், டான் கேஸ்மென்ட் சகோதரர்கள் வேலையை நடத்திய முறை இது. முன்னால் அளவெடுப்பவர்கள் முளையடித்துப் போவார்கள். அடுத்து மண்வேலைக் குழு மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பும். பிறகு ஸ்லீப்பர் கட்டைகள். அதன்மேல்தான் தண்டவாளக் குழு. ஆட்கள் தூங்கவும் சாப்பிடவும் பெட்டிகள் கொண்ட வேலை ரயில் பின்னாலேயே நகர்ந்து வரும். அதிலிருந்து இறக்கிய தண்டவாளங்களைக் குதிரை இழுக்கும் சிறு தட்டுவண்டியில் ஏற்றிப் பாதை முடியும் இடம்வரை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஆட்கள் இடுக்கியால் தண்டவாள முனையைப் பிடித்து முன்னால் இழுத்து ஓடுவார்கள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் கீழே விடுவார்கள். உடனே கேஜ் கோல் வைத்து இடைவெளி பார்க்கப்படும். 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மி.மீ. இன்னும் முழுதாக ஸ்பைக் (கட்டையோடு பிடிக்கும் ஆணி) அடிக்காத அந்தத் தண்டவாளத்தின் மேலேயே வண்டி அடுத்த நீளத்துக்கு நகரும். காலியானதும் வண்டியைப் பாதையோரம் சாய்த்துவிட்டு, நிறைந்த வண்டியை முன்னால் விட்டு, மறுபடி தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். ஒற்றைப் பாதையில் வேறு வழியில்லை. இந்த ஒழுங்கு தெரிந்தவர்கள் பார்த்தால், திரையில் கூட்டமாகத் தெரிவது உண்மையில் வரிசையாக நிற்கும் ஏழெட்டு வேலைகள் என்பது புரியும்.

அன்று நேரில் பார்த்து எழுதப்பட்ட குறிப்பு ஒன்றில் ஸ்பைக்குக்கு 3 சுத்தியல் அடி, தண்டவாளத்துக்கு 10 ஸ்பைக் என்று கணக்கு வருகிறது. யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டடிக்கு ஒரு கட்டை என்றால் 30 அடித் தண்டவாளத்தின் கீழ் 14, 15 கட்டைகள் இருக்கும். கட்டைக்கு இரண்டு ஸ்பைக் வைத்தாலும் 28-க்கு மேல் வேண்டும். முதல் சுற்றில் 10 என்றால், வண்டி போக வேண்டிய அளவுக்கு மட்டும் பிடித்துவைத்துவிட்டு முன்னேறினார்கள் என்றாகிறது. மீதி ஸ்பைக், ஜல்லி, தட்டி நிரப்பும் வேலையெல்லாம் பின்னால் வரும் குழுவுக்கு. வேகத்தின் ரகசியம் இதுதான். பிற்பாடு வந்த கோளாறுகளுக்கும் இதுவே வித்து. அரைகுறையாகப் பிடித்த பாதையில் கனமான ரயில் போனால் கேஜ் விரியும், ஸ்பைக் மேலே கிளம்பும். மேற்குச் சமவெளியில் நல்ல மரம் கிடைக்காமல் காட்டன்வுட் மரத்தையே கட்டையாக்கினார்கள். பஞ்சுபோன்ற மரம், சீக்கிரம் மக்கும். அதனால் துத்தநாகக் குளோரைடு கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்தினார்கள். அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான் தாங்கும்.

வேகத்தின் உச்சம் சென்ட்ரல் பசிபிக் பக்கம் நடந்தது. 1869 ஏப்ரல் 28, ஒரே நாளில் 10 மைல் 56 அடி. கஜத்துக்கு 56 பவுண்டு எடையுள்ள 30 அடித் தண்டவாளம், ஒன்று 560 பவுண்டு, அதாவது 254 கிலோ. பத்து மைலுக்கு 3,520 தண்டவாளம், 25,800 கட்டை. தண்டவாளத்தைக் கையாண்டவர்கள் எட்டே எட்டு ஐரிஷ்காரர்கள். பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொருவர் பங்கும் 110 டன்னைத் தாண்டுகிறது. இன்றைய பிரதான பாதையில் மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம் போடுகிறார்கள். அன்றையது அதில் பாதிக்கும் குறைவு, சுமார் 28 கிலோ. அந்த எடையாக இருந்ததால்தான் கையால் முடிந்தது.

திரையில் என்ன பார்க்கலாம்: சுத்தியலைத் தோளுக்கு மேல் முழுச் சுற்றாகக் கொண்டுவந்து, பிடியைத் தளரவிட்டு எடையே இறங்கும்படி அடிக்கிறவர் தொழில் தெரிந்தவர். முழங்கையை மடக்கித் தட்டுகிறவர் துணைநடிகர். கூட்டக் காட்சிகளில் இரண்டு வகையும் இருப்பார்கள், பிரித்துப் பார்ப்பது ரயில்வேக்காரர்களுக்குப் பிடித்த வேலையாக இருக்கும். இன்னொன்று, இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவில் விரிவாக்கத்துக்கு விட வேண்டிய சிறு இடைவெளி. நெருக்கக் காட்சிகளில் அதைத் தேடச் சொல்லுங்கள். இடைவெளி விடாமல் குளிரில் பதித்தால் கோடையில் பாதை பாம்பாக நெளியும்.

பழைய_பாய்லர்:

இன்ஜின் கேள்விக்குச் சுருக்கமாக: அந்த அட்டையை நம்ப வேண்டாம், உரையில் சொல்லவும் வேண்டாம். யூனியன் பசிபிக் 119 இரும்புக்கடைக்குப் போனது 1903-ல், ஜூபிடர் 1909-ல். படம் எடுத்தது 1924 தொடக்கத்தில். திரையில் நிற்பவை வேறு இன்ஜின்கள்.

அசல் இரண்டும் 1868-ல் கட்டியவை, இரண்டுமே 4-4-0 வகை, அதாவது முன்னால் நான்கு சிறு சக்கரம், அடுத்து நான்கு இயக்கும் சக்கரம். ஜூபிடர் ஷெனெக்டடி தொழிற்சாலை, 119 ரோஜர்ஸ். ஜூபிடருக்கு விறகு, 119-க்கு நிலக்கரி. விறகு எரித்தால் தீப்பொறி நிறைய பறக்கும், அதைத் தடுக்கும் வலை வைக்கப் புகைபோக்கியின் தலை அகன்றிருக்கும். நிலக்கரி இன்ஜினுக்கு நேர்க்குழாய் போதும். ஆன்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் இடது பக்கம் அகன்ற தலையோடு நிற்பது ஜூபிடர், வலது பக்கம் நேர்க்குழாயோடு நிற்பது 119. புகைப்படத்தையும் படத்தின் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டினால், ஃபோர்டு எதைப் பார்த்துக் கூட்டத்தை அடுக்கினார் என்பது விளங்கும்.

இன்னொரு தகவல், யாராவது ரசிப்பார்கள்: அந்த இரண்டு இன்ஜினுமே விழாவுக்குத் திட்டமிட்டவை அல்ல. சென்ட்ரல் பசிபிக் தலைவர் ஸ்டான்ஃபோர்டின் ரயிலை இழுக்க வேண்டிய ‘ஆன்டிலோப்’ வழியில் மரக்கட்டை மோதிப் பழுதானது. யூனியன் பசிபிக் துணைத்தலைவர் டூரன்ட்டின் ரயிலை இழுத்துவந்த இன்ஜின் வெள்ளத்தில் பலவீனமான பாலத்தைக் கடக்கக்கூடாது என்று நிறுத்தப்பட்டது. மாற்றாக வந்தவையே வரலாற்றில் நின்றன. இப்போது யூட்டாவில் உள்ள புரோமன்டரியில் ஓடுபவை 1979-ல் கட்டிய நகல்கள்.

மேற்குவழி:

அறிமுக உரைக்கு என் யோசனை. படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பாரமவுன்ட் 1923-ல் வெளியிட்ட ‘தி கவர்டு வேகன்’ பெரும் வெற்றி. ஃபாக்ஸ் அதற்குப் போட்டியாக இதை எடுத்தது. நெவாடாவில் வாட்ஸ்வர்த் பக்கம் பனிக்காலத்தில் படப்பிடிப்பு. குழு தங்கியது சர்க்கஸ் ரயில் பெட்டிகளில். லிங்கனாக வருபவர் நடிகரே அல்ல, ரீனோவைச் சேர்ந்த நீதிபதி சார்லஸ் எட்வர்டு புல். 1924 ஆகஸ்ட் 28 நியூயார்க் லிரிக் தியேட்டரில் முதல் காட்சி. 2011-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. இது போதும்.

மீதி நேரத்தைப் படம் மறைப்பதற்குச் செலவிடுங்கள் என்பேன். படத்தில் பாதை வளைந்து போவதற்கு ஒரே காரணம் டெரூ என்ற நில முதலாளி. தன் நிலத்தின் வழியாகப் பாதை போக வேண்டும் என்று இன்ஜினியருக்கு லஞ்சம் கொடுக்கிறான். நிஜத்தில் மைல் கணக்கே ஊழலுக்குத் தூண்டுகோலாக அமைந்திருந்தது. 1862 ஜூலை 1-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி அரசு கடன் பத்திரம் சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. கூடவே பாதையின் இருபுறமும் நிலம். நீளம் கூடினால் பணம் கூடும். யூனியன் பசிபிக்கின் உள்ளாட்களே ‘கிரெடிட் மொபிலியே’ என்ற கட்டுமான நிறுவனத்தை நடத்தி, தமக்குத் தாமே பெரிய விலைக்குப் பில் போட்டுக்கொண்டார்கள். 1872-ல் அது நாடாளுமன்ற ஊழலாக வெடித்தது. ஒரு தனி வில்லனின் கையில் பழியை வைத்துவிட்டதால் படம் கம்பெனியைத் தப்பவிட்டுவிடுகிறது. இதை உரையில் சொல்லாமல் விட்டால் பார்வையாளர் தவறான எண்ணத்தோடு வீடு போவார்.

அடுத்தது சீனத் தொழிலாளர்கள். படத்தில் வருகிறார்கள், ஆனால் கதை ஐரிஷ்காரர்களுடையது. உண்மையில் சென்ட்ரல் பசிபிக் ஆட்களில் பத்தில் எட்டுக்குமேல் சீனர்கள். சியாரா நெவாடா உச்சியில் 1,659 அடிச் சுரங்கத்தைக் கருங்கல்லில் குடைந்தது அவர்கள். இரண்டு முனையிலிருந்தும், நடுவில் மேலிருந்து இறக்கிய குழியிலிருந்து இரண்டு பக்கமும், ஆக நான்கு முகப்பில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. வெடிமருந்து போதாமல் 1867-ல் நைட்ரோகிளிசரினை அங்கேயே தயாரித்தார்கள், கொண்டுவரும் வழியில் வெடிக்கும் அபாயம் அவ்வளவு. அதே ஆண்டு ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கூலி உயர்வும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தி ஒரு வாரத்துக்குள் அதை முறித்தது. படத்தில் இதற்கு இடமில்லை.

காலக்கணக்கிலும் ஒரு முடிச்சு உண்டு. நாயகன் டேவி ‘போனி எக்ஸ்பிரஸ்’ என்ற குதிரைத் தபால் சேவையின் வீரன். அந்தச் சேவை 1860 ஏப்ரலில் தொடங்கி 1861 அக்டோபரில், தந்தி கண்டம் கடந்ததும், நின்றுபோனது. யூனியன் பசிபிக் முதல் தண்டவாளத்தைப் பதித்தது 1865-ல். ஆக டேவி துரத்தலிலிருந்து தப்பி ரயிலில் ஏறுவது நடந்திருக்க முடியாது. ஆனால் கணவாய் கண்டுபிடிக்கும் பகுதிக்கு ஒரு நிழல் வரலாற்றில் இருக்கிறது. 1865-ல் பூர்வகுடி வீரர்களிடமிருந்து தப்பும்போது லாரமி மலையில் இறங்கு வழியைக் கண்டதாக, பின்னாளில் யூனியன் பசிபிக்கின் தலைமை இன்ஜினியரான கிரென்வில் டாட்ஜ் சொன்னார். அவ்வழியே போன பாதைதான் 8,247 அடி உயர ஷெர்மன் உச்சியைத் தாண்டியது.

பூர்வகுடிகளைப் பற்றி: படத்தில் அவர்கள் பெரும்பாலும் தாக்க வருபவர்கள். ஆனால் ஃபோர்டின் கண் சில இடங்களில் கதையை மீறுகிறது. தாக்குதல் நடக்கும்போது குதிரை வீரர்களை நேராகக் காட்டாமல் ரயில் பெட்டியின் பக்கவாட்டில் விழும் நிழல்களாகக் காட்டும் ஷாட் ஒன்று. இறந்துகிடக்கும் வீரனை அவனுடைய நாய் நெருங்கும் ஷாட் இன்னொன்று. இரண்டும் சில நொடிகள்தான், உரையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். அந்த வேடங்களில் பலர் பையூட் இனத்தவர். சமவெளியில் நிஜமாகப் பாதையை எதிர்த்தவர்கள் ஷைய்யன், லக்கோட்டா மக்கள். 1867 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் பிளம் கிரீக்கில் ஷைய்யன் வீரர்கள் ஒரு சரக்கு ரயிலைத் தடம்புரளச் செய்தார்கள். அவர்கள் வேட்டை நிலத்தின் குறுக்கேதான் பாதை போனது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இந்தத் தேதியை மட்டும் சொல்லாதீர்கள்.

திரைமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. அமெரிக்கப் பதிப்பையே எடுத்துக்கொள்கிறோம். மேலும் இரண்டு கேள்வி. அட்டைகளுக்குத் தமிழ் சப்டைட்டில் தயாரிக்கிறோம். பழைய எஸ்ஆர்டி கோப்பு ஒன்றின் நேரத்தை வைத்துச் செய்தால் போகப் போக விலகுகிறது, கடைசியில் ஆறு நிமிடம் தள்ளிப்போய்விடுகிறது. இரண்டாவது, டிவிடி இசையை விட்டுவிட்டு நேரடி இசை வைக்கலாமா என்று ஒரு பேச்சு இருக்கிறது.

இருபது_ஃபிரேம்:

ஆறு நிமிடம் என்றால் காரணம் தெளிவு. அந்தக் கோப்பு 25 ஃபிரேம் காப்பிக்குச் செய்தது, உங்களுடையது 24-ஐ ஒட்டியது. 150 நிமிடம் 25-ல் ஓடினால் 144-ல் முடியும். எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளினால் சரியாகாது, நீட்ட வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றும் வசதி இருக்கிறது. அதைவிட நம்பகமானது ‘பாயின்ட் சின்க்’: முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் படத்தில் காட்டிப் பொருத்துங்கள், நடுவில் உள்ளதை அதுவே நீட்டிக்கொள்ளும். பிறகு இடைவேளைக்கு அருகில் உள்ள ஓர் அட்டையைச் சோதியுங்கள். அங்கே மட்டும் விலகினால் கோப்பு வேறு பதிப்புக்கானது. அப்போது கையால்தான் செய்ய வேண்டும்.

தமிழ் வரி அட்டையோடு ஒரே ஃபிரேமில் வந்து, அட்டை மறைவதற்கு ஓரிரு ஃபிரேம் முன் மறையட்டும். அடுத்த ஷாட்டின் மேல் ஒரு ஃபிரேம் வழிந்தாலும் கண் அங்கே போகும். இரண்டு வரிக்குமேல் வேண்டாம். அட்டையில் உள்ளதை முழுக்கப் பெயர்க்க முயன்றால் படிப்பதற்குள் போய்விடும், சுருக்குங்கள். கோப்பை யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். யூஎஸ்பியைச் செருகிப் போடும் டிவி பிளேயர்கள் பலவற்றில் தமிழ் கட்டங்கட்டமாக வரும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் வரிகளைப் படத்திலேயே பதித்து ஒரு தனிக் கோப்பாக்கி, திரையிடும் அதே கருவியில் முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ரீல்பெட்டி:

இசைக்கு. 1924 படம் என்பதால் அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் டிவிடியில் இருக்கும் இசை புதிது. அமெரிக்கப் பதிப்புக்கு கிறிஸ்டோஃபர் காலியெண்டோ அமைத்தது, வெளிநாட்டுப் பதிப்புக்கு ஜான் லான்ச்பெரி 1994-ல் அமைத்தது. அவற்றின் உரிமை தனி. ஒன்றின் இசையை மற்றதன் மேல் ஏற்றவும் முடியாது, வெட்டுகள் ஒட்டாது.

நேரடி இசைக்கு ஒருவர் மட்டும் என்றால் 150 நிமிடம் கடினம். இடைவேளை இருப்பதால் சமாளிக்கலாம். ஐந்தாறு கருப்பொருள் போதும்: தொடக்கத்தில் வரும் ஸ்பிரிங்ஃபீல்டு பனி, பாதை வேலை, மூன்று நண்பர்களின் கலகலப்பு, டெரூ, டேவி–மிரியம் காதல், தாக்குதல். தொழிலாளர்களின் பாட்டு வரிகள் அட்டையிலேயே வரும். அந்த இடத்தில் மெட்டு தெரிந்து வாசிக்காவிட்டால் காட்சி காலியாகத் தெரியும், முதலில் அதைப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் தாளம் போட முயல வேண்டாம். கையால் சுழற்றிய படத்தில் அடிகளின் இடைவெளி ஷாட்டுக்கு ஷாட் மாறும், இரண்டாவது நிமிடத்திலேயே தவறிப்போகும். சீரான நடையை மட்டும் பிடித்துக்கொண்டு, கடைசி ஆணிக்கு மட்டும் அடியோடு சேர்ந்து நிறுத்தலாம். அந்த ஒரு இடத்துக்காக வாசிப்பவர் திரையை நிமிர்ந்து பார்க்கும்படி உட்கார வேண்டும். நோட்டு விளக்குக்குத் திரை பக்கம் மறைப்பு வையுங்கள், ஒளி சிதறினால் இரவுக் காட்சிகள் வெளுத்துப்போகும்.